தப்புக்கு ஒதுக்கிய பணம்

நீங்கள் இனிமேல் செய்யப்போகும் தப்புக்கு எவ்வளவு செலவாகும் என்று எப்போதாவது முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்கிறீர்களா?

இல்லையென்றால், நான் இப்போது இருக்கும் ஊரில் நீங்கள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டதில்லை என்று அர்த்தம். நானும் கற்றுக்கொண்டதில்லை. ஆனால் அக்கா கற்றுக்கொண்டபோது பின்சீட்டில் இருந்தேன்.

அக்கா என் கூடப்பிறந்தவள் இல்லை. அவள் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருக்கிறேன். ராத்திரி ஒரு கிடங்கில் பெட்டிகளுக்கு நாடா ஒட்டும் வேலை. பகலில் தூங்க வேண்டும். தூக்கம் வராத பகல்களில் அவள் புருஷனோடு வாசலில் உட்கார்ந்திருப்பேன். அவரை அண்ணன் என்று கூப்பிடுவேன். வாடகைக் கார் ஓட்டியவர். ஒரு காலையில் காரைக் கழுவும்போது கையிலிருந்த வாளி நழுவியது. எடுக்கக் குனிந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். வலது பக்கம் முழுக்கப் போயிற்று. பேச்சில் ஒரே ஒரு வார்த்தைதான் மிஞ்சியது.

"மெதுவா."

இத்தனை வருஷமாகப் பின்சீட்டில் இருந்தவர்கள் அவரைப் பார்த்துச் சொன்ன வார்த்தை. போகாமல் தங்கியது அதுதான்.

"முதல் ஆறு மாசம்தாம்மா கணக்கு," என்றார் டாக்டர். "விடாம பயிற்சி குடுத்தா கை திரும்பும். அதுக்கப்புறம் வந்தா வந்தது, வரலைன்னா வரல."

பயிற்சி தரும் சிகிச்சை நிலையம் ஊரின் மறுகோடியில் இருந்தது. வாரத்துக்கு மூன்று நாள் போக வேண்டும். பேருந்துப் படியில் அண்ணனை ஏற்ற இரண்டு பேர் வேண்டும். ஏற்றும்வரை எந்தப் பேருந்தும் நிற்காது. வாடகைக் காருக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. சொந்தக் காரோ வாசலில் நின்று தூசி குடித்துக்கொண்டிருந்தது.

"மூணு வேளை அடுப்பு மூட்டறவளுக்கு நாலு சக்கரம் உருட்டத் தெரியாதா?" என்றாள் அக்கா. மறுநாளே விண்ணப்பிக்கப் போனாள். துணைக்கு நான்.

பெரிய கட்டடம். 'ஓட்டுநர் கற்றல் செலவு முன்மதிப்பீட்டு அலுவலகம்' என்று பலகை. முதல் ஜன்னலில் ஒரு எழுத்தரம்மா.

"செலவுத் திட்டம் கொண்டாந்திருக்கீங்களா?"

அக்கா மனக்கணக்காகச் சொன்னாள். பெட்ரோலுக்கு இவ்வளவு, தேர்வுக்கு இவ்வளவு, வண்டிக்கு எண்ணெய் மாற்ற இவ்வளவு.

"இதுல தப்பைக் காணோமே?"

"இருக்காதும்மா. ரெண்டு தரம் கூட்டிப் பாத்துட்டேன்."

"கூட்டலைச் சொல்லல. ஓட்டும்போது நீங்க செய்யப்போற தப்பு. எத்தனை, எந்த வகை, ஒண்ணுக்கு எவ்வளவு? அதுக்குன்னு ஒரு தலைப்பு இருக்கு."

"தப்பில்லாம கத்துக்கப் பாக்கறேன்."

எழுத்தரம்மா அக்காவை இரக்கத்தோடு பார்த்தார். "பூஜ்யம் போட்ட விண்ணப்பம் இந்த ஜன்னலைத் தாண்டினதே இல்ல. உள்ள போங்க. சாரே போட்டுக் குடுப்பார்."

சார் என்பவர் தலைமை மதிப்பீட்டாளர். அவர் மேஜையில் ஒரு பொம்மைக் கார் இருந்தது. யாரும் நகர்த்திவிடாதபடி அதைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள்.

"உக்காருங்க," என்றார். "முன்னாடியெல்லாம் எப்படி இருந்துச்சு தெரியுமா? ஒருத்தன் வருவான், வண்டியில ஏறுவான், ஓட்டக் கத்துக்கிட்டுப் போயிடுவான். அவ்வளவுதான்! எவ்வளவு செலவாச்சு, எத்தனை தரம் இடிச்சான், யாருக்கும் தெரியாது. அவனுக்கே தெரியாது. காட்டுமிராண்டித்தனம். எங்க அலுவலகம் வந்ததுக்கப்புறம் ஒருத்தர்கூட கணக்கில்லாம கத்துக்கல."

"கணக்கோட எத்தனை பேர் சார் கத்துக்கிட்டாங்க?" என்று கேட்டேன். தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

"தம்பி, கணக்கோட கத்துக்கிட்டாங்கன்னு நான் சொல்லவே இல்லையே. கணக்கில்லாம கத்துக்கலன்னுதான் சொன்னேன்."

பிறகு அவர் அக்காவின் தப்புகளை எழுத ஆரம்பித்தார். பார்க்காமலே எழுதினார், கை பழகிய வேலை.

"கிளட்ச்சை வெடுக்குனு விட்டு வண்டி ஆஃப் ஆகறது, நாப்பது. நடைபாதை ஓரத்துல உரசறது, பன்னெண்டு. சுவத்துல லேசா மோதறது, ஒண்ணு. அழுகை, ஒண்ணு."

"அழுகையா?"

"கத்துக்கறவங்க ஒரு தரமாவது அழுவாங்க. கைக்குட்டை, குடிக்கத் தண்ணி, எங்க நேரம் பத்து நிமிஷம். செலவில்லையா இதெல்லாம்?"

"நான் அழற ஆள் இல்ல சார். அவர் விழுந்த அன்னிக்கே அழல."

"அது உங்க சொந்த அழுகை. அதுல அலுவலகம் தலையிடாது."

எல்லாத் தப்புக்கும் பணத்தை முன்பணமாகக் கட்ட வேண்டும். தேர்வன்று கணக்கு நேராக இருந்தால் உரிமம் கிடைக்கும். அக்கா கட்டினாள். அண்ணனை வாடகைக் காரில் வாரம் மூன்று முறை கூட்டிப்போக வைத்திருந்த பணத்தில் பெரும்பகுதி அது. அதிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை மட்டும் போனார்கள்.

"கத்துக்கிட்டா தினமும் போகலாமே," என்றாள் அக்கா. நியாயமாகத்தான் பட்டது.

ரசீது வாங்கும்போது எழுத்தரம்மா கேட்டார்: "சொல்லிக்குடுக்கறது யாரு?"

"என் வீட்டுக்காரர்."

"கட்டணம்?"

"புருஷன்மா!"

"இலவசமா?" எழுத்தரம்மாவின் பேனா நின்றது. "இலவசத்துக்கு ரசீது கிடையாதே. ரசீது இல்லாத படிப்பை நாங்க எப்படிப் படிப்புன்னு ஒத்துக்கறது? அவருக்கு மதிப்பு போட்டாகணும். சார் வீட்டுக்கு வருவார்."

சார் வந்தார். அக்கா டீ போட்டுக் கொடுத்தாள். அண்ணன் நாற்காலியில் இருந்தார். சவரம் செய்து, சட்டை மாற்றி, பொத்தான் போட்டு உட்காரவைத்திருந்தோம்.

"எத்தனை வருஷ அனுபவம்?"

"மெதுவா," என்றார் அண்ணன்.

"மேட்டுல வண்டி நின்னுட்டா எப்படி எடுப்பீங்க?"

அண்ணன் இடது கையை நீட்டி, இல்லாத ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக் காட்டினார். அதே நேரம் இடது காலைத் தரையிலிருந்து மெல்லத் தூக்கினார். வலது கால் மட்டும் இருந்த இடத்தில் இருந்தது.

"மெதுவா."

மதிப்பீட்டாளர் எழுதிக்கொண்டார். "பாருங்கம்மா. பிரேக்கும் ஆக்சிலேட்டரும் வலது கால் வேலை. அந்தப் பக்கம் இவருக்கு இல்ல. அதனால இவருக்குத் தெரிஞ்சதுல சரிபாதி கழியுது. பேச்சு ஒரே ஒரு வார்த்தை. அதுக்கும் கழிச்சா, அங்கீகாரத்துக்கு எட்டாது. இவர் வண்டியில உக்காந்து சொல்லிக்குடுக்கக் கூடாது. மனசு கஷ்டப்படாதீங்க. பழைய வண்டிக்கும் நாங்க இப்படித்தான் கழிப்போம்."

அக்கா அவர் கையிலிருந்த டீயைப் பார்த்தாள். பாதி குடித்திருந்தார். "ஆறிப்போச்சு சார், குடுங்க," என்று வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வேறு டீ வரவில்லை.

அவர் எழுந்து போகும்போது அண்ணன் வாசல்படியைப் பார்த்து, "மெதுவா," என்றார். மதிப்பீட்டாளர் அதைப் பொருட்படுத்தவில்லை. படியில் இடறி, கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தையாக இருந்தாலும் வேண்டிய நேரத்தில்தான் வந்தது.

வண்டியில்தானே உட்காரக் கூடாது? அண்ணன் வீட்டுப் பக்கவாட்டு முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இடது கையில் ஒரு குச்சி. தரையில் ஒரு தட்டு தட்டினால் கிளட்ச், இரண்டு தட்டினால் பிரேக், விடாமல் தட்டினால் உயிருக்கு ஆபத்து. அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள். நான் பின்சீட்டில் சாட்சி.

தப்புகளை எண்ண அலுவலகம் ஒரு சாட்சி கேட்டிருந்தது. சாட்சிக்குக் கார் ஓட்டத் தெரிந்திருக்கக் கூடாது என்பது விதி. "ஓட்டத் தெரிஞ்சவன் கருத்துச் சொல்லிடுவான். சாட்சிக்குக் கருத்து கூடாது," என்று மதிப்பீட்டாளர் விளக்கியிருந்தார். இந்த ஊரில் என் கருத்தை யாரும் கேட்டதில்லை என்பதால் எனக்கு அது கஷ்டமாக இல்லை.

அக்கா சீக்கிரம் கற்றுக்கொண்டாள். வண்டி மொத்தமே ஏழு தரம்தான் ஆஃப் ஆனது. எட்டாவது தரம் ஆகப்போகும்போது குச்சி ஒரு தட்டு தட்டியது, அவள் கால் சட்டென்று இறங்கியது, வண்டி உறுமிக்கொண்டு நகர்ந்தது. அண்ணன் இடது பக்கத்து வாயால் சிரித்தார். அக்கா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். "என்னடா முழிக்கறே? எழுதாத. இது ஆஃப் ஆகல."

இனித் தேர்வுதான் பாக்கி என்று நினைத்து, வண்டியை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனோம். கற்பவர்களுக்கு ஒரு சீட்டு கொடுத்திருந்தார்கள். அதை வைத்து வீட்டிலிருந்து அலுவலகம் வரை ஓட்டலாம், பின்சீட்டில் சாட்சி மட்டும் இருக்கலாம். அலுவலக வாசலோடு அனுமதி முடிந்தது. அதைத் தாண்டி அதே தெருவில், சிக்னலுக்கு அந்தப் பக்கம், சிகிச்சை நிலையத்தின் நீலப் பலகை தெரியும். அக்கா வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்கேருந்து கூப்பிட்டாக் கேக்கும்டா," என்றாள்.

மதிப்பீட்டாளர் நான் எழுதியதைப் படித்தார். முகம் மாறியது.

"ஏழா?"

"ஏழுதான் சார்," என்று அக்கா பெருமையாகச் சொன்னாள்.

"உரசல்?"

"இல்ல."

"சுவர்?"

"இல்ல சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, நீங்க என்ன காரியம் பண்ணியிருக்கீங்கன்னு தெரியுதா? நாப்பது ஒதுக்கினோம், ஏழு செஞ்சிருக்கீங்க. மீதி முப்பத்து மூணு வீணாப் போகுது. மேலிடத்துல என்ன நினைப்பாங்க? ஏழு போதும்போலன்னு அடுத்த வருஷம் எல்லாருக்கும் ஏழாக் குறைச்சிடுவாங்க. அடுத்த வருஷம் ஒரு ஏழைப் பொண்ணு வருவா. எட்டாவது தரம் அவ வண்டி நடுரோட்டுல ஆஃப் ஆகும். அதுக்குப் பணம் இருக்காது. அந்தப் பாவம் யாரைச் சேரும்?"

எனக்கு அந்தப் பெண்ணை நினைத்து ஒரு கணம் கவலையாகிவிட்டது.

"ஒதுக்கினதைச் செஞ்சு முடிங்க. அப்பத்தான் தேர்வு," என்றார்.

அலுவலகப் பின்முற்றத்தில் அதற்கென்று இடம் விட்டிருந்தார்கள். நாங்கள் போனபோது அங்கே ஐந்தாறு கார்கள் இருந்தன. நன்றாக ஓட்டத் தெரிந்தவர்கள் எல்லாரும் மும்முரமாகத் தப்பு செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் ஓரக்கல்லில் அழகாக உரசிவிட்டு, பின்னால் வந்து, மறுபடி உரசினார். "ஒன்பது!" என்று அவர் சாட்சி கத்தினார். ஒரு கல்லூரிப் பெண் காரை அணைத்து, கிளப்பி, அணைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய சாட்சி தூங்கிவிட்டதால் திரும்ப ஒன்றிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லிவிட்டார்கள்.

அக்கா முதலில் கூச்சப்பட்டாள். வேண்டுமென்று கிளட்ச்சை விட அவளுக்குக் கால் வரவில்லை. மூன்று நாள் போனது. ஒவ்வொரு தரமும் கார் ஒருமுறை தூக்கிப்போட்டு நிற்கும். இத்தனை வருஷம் அண்ணன் குழந்தைபோல வைத்திருந்த வண்டி. "மன்னிச்சுக்கோ," என்று அவள் ஸ்டியரிங்கைத் தடவுவாள். நான் எண்ணுவேன்.

அணைத்தது முடிந்தது. உரசியதும் முடிந்தது. சுவர்தான் மிச்சம்.

"எந்தச் சுவர்லம்மா மோதணும்?" என்று எழுத்தரம்மாவிடம் கேட்டாள்.

"அங்கீகரிக்கப்பட்ட சுவர் இன்னும் கட்டலியே. ஒப்பந்தம் விட்டிருக்கு. அடுத்த வாரம் கேளுங்க."

அடுத்த வாரம் கேட்டாள். அதற்கடுத்த வாரமும் கேட்டாள். செங்கல் வந்துவிட்டது, மணல் வரவில்லை. மணல் வந்தது, செங்கல்லைக் காணோம்.

"எங்க வீட்டுச் சுவத்துலயே மோதிக்கறேனே?"

"அது தனியார் சுவர். அதுல மோதினா விபத்து. எங்க சுவத்துல மோதினாத்தான் தப்பு."

இதற்குள் வாடகைக் காருக்கு வைத்திருந்த பணம் சுத்தமாகத் தீர்ந்துவிட்டது. அண்ணன் பயிற்சிக்குப் போவது நின்றது. அவர் வலது கை கொஞ்சம் கொஞ்சமாக உள்பக்கம் மடங்கத் தொடங்கியது. அக்கா தினமும் காலையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, நீவி, தன் உள்ளங்கையில் விரித்து வைப்பாள். அடுப்பைப் பார்க்க எழுந்து போவாள். திரும்பி வரும்போது கை பழையபடி மூடியிருக்கும்.

"வேணும்னே மூடறீங்களா? உள்ள என்ன, தங்கமா வச்சிருக்கீங்க?" என்று கேட்பாள்.

அண்ணன் சிரிக்கப் பார்ப்பார்.

ஆறாவது மாதத்தின் கடைசி வாரத்தில் சுவர் தயாராகிவிட்டது என்று சொல்லி அனுப்பினார்கள். போனோம். முற்றத்தின் நடுவில், எதையும் எதனிடமிருந்தும் பிரிக்காமல், ஒரு சுவர் தனியாக நின்றது. மஞ்சள் வண்ணம். குறுக்கே ரிப்பன். பத்து நாற்காலி. மைக்.

"இந்தச் சுவர் வெறும் சுவர் இல்ல," என்று மதிப்பீட்டாளர் மைக்கில் பேசினார். "இது நம்பிக்கை. மக்கள் எங்க போய் மோதறதுன்னு தெரியாமத் தவிச்ச காலம் போயிடுச்சு. இனிமே யார் வேணும்னாலும் நம்பி வந்து எங்க மேல மோதலாம். இதைக் கட்ட எவ்வளவு பணம் செலவழிச்சோம்னு கேட்டா நீங்க ஆச்சரியப்படுவீங்க. நாங்களே ஆச்சரியப்பட்டோம்."

கை தட்டினார்கள். முதல் மோதல் அக்காவுடையது. பொறுமையாகக் காத்திருந்ததற்கு மரியாதையாம்.

அக்கா முதல் கியரில் வண்டியை எடுத்தாள். நடந்து போகிறவன் முந்திப்போகலாம், அவ்வளவு நிதானம். முன்பக்கம் சுவரைத் தொட்டது. தொட்டதும் சுவர் ஒரு கணம் யோசித்தது போல இருந்தது. பிறகு மேலிருந்து கீழ் வரை மொத்தமாக உதிர்ந்தது. ஒரு செங்கல் வந்து வண்டியின் இடது விளக்கை உடைத்தது. முற்றம் முழுக்கத் தூசி. தூசி அடங்கியபோது ரிப்பன் மட்டும் இரண்டு கம்பத்துக்கு நடுவே ஆடிக்கொண்டிருந்தது.

மதிப்பீட்டாளர் மைக்கை அணைத்துவிட்டு வந்தார்.

"லேசா மோதறதுக்குத்தான் அனுமதி. இடிக்கறதுக்கு அனுமதி இல்ல."

"சார், சுண்டுவிரல் வச்சிருந்தாலே விழுந்திருக்கும்," என்றேன். "உள்ள சிமென்ட்டே இல்ல, பாருங்க, வெறும் மணல்..."

"சாட்சிக்குக் கருத்து கிடையாது!"

அக்கா இறங்கி வந்தாள். "இப்ப என்ன சார் செய்யணும்?"

"ஒரு சுவர் அளவுக்கு அதிகப்படித் தப்பு நடந்திருக்கு. துணைச் செலவுத் திட்டம் போட்டு, சுவருக்கான பணத்தைக் கட்டுங்க. அடுத்த நிதியாண்டுல அனுமதி வந்துடும். நாலே மாசம்."

"அவருக்கு இந்த வாரத்தோட ஆறு மாசம் முடியுது சார்."

"அப்படியா? எங்களுக்கு இன்னும் நாலு மாசம் இருக்கே," என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

அக்கா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். உதடு ஒருபக்கமாக இழுத்துக்கொண்டது. தூசி அப்பியிருந்த கன்னத்தில் இரண்டு கோடு இறங்கியது.

முதலில் பார்த்தது எழுத்தரம்மாதான். "சார்! அழுகை!" என்று ஓடிவந்தார். கையில் புதுக் கைக்குட்டை, தண்ணீர் டம்ளர், கையெழுத்துப் போட வேண்டிய தாள். "அழுகை வந்துடுச்சு சார்! அந்தத் தலைப்பும் முடிஞ்சுது!"

மதிப்பீட்டாளரின் முகம் மலர்ந்தது. "நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா? எங்க கணிப்பு தப்பாது. தம்பி, மணி பாத்து எழுதிக் கையெழுத்துப் போடு. சுவர் பிரச்சினை தனி, இது சுத்தமான செலவு."

அத்தனை தப்புக்கும் மறுபேச்சு இல்லாமல் கையெழுத்துப் போட்டவன் நான். பேனாவை வாங்கிக்கொண்டேன். அக்காவைப் பார்த்தேன். அவள் புறங்கையால் முகத்தைத் துடைத்தாள்.

"தூசி," என்றாள்.

"என்னம்மா நீங்க, கண்கூடாத் தெரியுது..." என்றார் மதிப்பீட்டாளர்.

"தூசிதான் சார்," என்றேன் நான். "நான்தானே சாட்சி?"

"அழுகைன்னு எழுதலைன்னா அந்தத் தலைப்பு செலவாகாது. உரிமம் எந்த வருஷமும் வராது. யோசிச்சுச் சொல்லு."

பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். அக்கா தண்ணீரைக்கூட வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்தோம். அண்ணன் வாசலில் உட்கார்ந்திருந்தார். உடைந்த விளக்கை நெடுநேரம் பார்த்தார். இடது கையை நீட்டி அக்காவின் தலையிலிருந்த செங்கல் பொடியைத் தட்டிவிட்டார்.

"மெதுவா," என்றார்.

"ஆமா, மெதுவாத்தான் போனேன்," என்றாள் அக்கா.

மறுநாள் காலை அக்கா அண்ணனை முன்சீட்டில் உட்காரவைத்து, பெல்ட் மாட்டி, காரை எடுத்தாள். நான் பின்சீட்டில் இருந்தேன். எழுத்தரம்மா அலுவலகக் கதவைத் திறந்துகொண்டிருந்தார், நிமிர்ந்து பார்த்தார். கார் அங்கே நிற்கவில்லை. சிக்னலில் ஒருமுறை ஆஃப் ஆனது. அண்ணன் இருக்கையில் ஒரு தட்டு தட்டினார். சிகிச்சை நிலையத்தில் பயிற்சி தரும் பெண் அண்ணனின் வலது கையைப் பிரித்து மேஜைமேல் வைத்து, விரல்களை அசைக்கச் சொன்னார். கட்டைவிரல் அசைந்தது. மற்ற நாலும் அசையவில்லை.